‘நீதி’ போடாத புத்தகங்கள்

சின்ன வயதில் படித்த கதைப் புத்தகங்களில் எது பிடிக்கும் என்று கேட்டால் என் வயதுக்காரர்கள் பலரும் கதையைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். எனக்கு முதலில் வருவது படம்தான். கதை பாதி மறந்துபோயிருக்கும், ஆனால் அந்தப் பக்கத்தில் ராஜா எந்தப் பக்கம் பார்த்து நின்றான், மரத்தில் எத்தனை கிளை, மூலையில் ஒரு நரி ஒளிந்திருந்ததா இல்லையா, எல்லாம் அப்படியே இருக்கும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கடைசியில் கட்டம் கட்டி ‘நீதி:’ என்று போட்ட புத்தகங்களும் வீட்டில் நிறையவே இருந்தன, சொந்தக்காரர்கள் பரிசாகக் கொடுப்பது அதைத்தானே. அவற்றில் ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. ஆமை ஜெயித்தது தெரியும், எந்த ஆமை, என்ன நிறம் என்று கேட்டால் தெரியாது.

எங்கள் ஊர் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கம். நான் எழுத்துக் கூட்டிய எண்பதுகளில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் கிடையாது, எல்லாம் தர்மபுரிதான், 2004இல்தான் பிரித்தார்கள். சுற்றிலும் மாந்தோப்பும் கேழ்வரகும் இருந்ததே தவிர புத்தகக் கடை என்று ஒன்று இல்லை. நோட்டு பேனா விற்கிற கடையில் வாய்ப்பாடும் கோனார் உரையும் கிடைக்கும். கதைப் புத்தகம் வேண்டுமென்றால் மாமா வர வேண்டும். மாமாவுக்கு ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு வேலை. ஊருக்கு வரும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருக்கும் புத்தகங்களில் ஏதாவது ஒன்றை உருவிக்கொண்டு வருவார். அம்புலிமாமா, பாலமித்ரா, ரத்னபாலா, கோகுலம், பூந்தளிர், எது கையில் வருகிறதோ அது. பல சமயம் பழைய இதழாக இருக்கும். எங்களுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை, மாசமாவது வருஷமாவது.

அம்புலிமாமாவை எங்கள் வீட்டில் முதலில் ‘படித்தது’ அவ்வா, அதாவது பாட்டி. அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் பேச்சு தெலுங்கு, எங்கள் பக்கம் பாதி வீடுகள் அப்படித்தான், வாசலைத் தாண்டினால் தமிழ், சந்தைக்குப் போனால் கொஞ்சம் கன்னடமும் கலக்கும். அவ்வா புத்தகத்தை மடியில் விரித்துவைத்துப் படத்தைப் பார்த்துத் தெலுங்கில் கதை சொல்லுவார். ராஜகுமாரி ஜன்னலில் நிற்கிறாளா, சரி, அவளுக்கு மாமியார் கொடுமை என்று ஆரம்பித்துவிடுவார். நான் இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அதே பக்கத்தில் அச்சாகியிருந்த கதை வேறு என்று தெரிந்தது. அவ்வாவிடம் போய், இவள் ராஜகுமாரியே இல்லை, வேஷம் போட்ட யட்சிணி என்று சொன்னால், “அவன் அப்படி எழுதியிருக்கான், நான் இப்படிச் சொல்றேன், உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ கண்ணு” என்பார். உண்மையில் அவ்வா சொன்னதுதான் பெரும்பாலும் நன்றாக இருந்தது.

பின்னால் தெரிந்துகொண்டது, அந்தப் பத்திரிகையே எங்கள் வீடு மாதிரிதான் பிறந்திருக்கிறது. 1947 ஜூலையில், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் முன்னால், தெலுங்கில் சந்தமாமா, தமிழில் அம்புலிமாமா என்று ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். ஆரம்பித்தது நாகி ரெட்டியும் சக்கரபாணியும், மாயா பஜார் எடுத்த அதே ஆட்கள். அந்தப் படத்தில் லட்டு தானாக வாய்க்குள் போவதைப் பார்த்தவர்களுக்கு, பத்திரிகையில் ஏன் பக்கத்துக்குப் பக்கம் பூதமும் மந்திரவாதியும் வந்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. அட்டைப்படத்துக்கு வட்டாதி பாப்பையா. உள்ளே சித்ரா, சங்கர். விக்கிரமாதித்தன் உருவிய வாளோடு, தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு சுடுகாட்டில் நடக்கும் அந்தப் படம் சங்கர் போட்டது. 1924இல் பிறந்தவர், 2020இல்தான் காலமானார், அடுத்த வருடம் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

வேதாளக் கதையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இந்தப் பதிவே அதனால் வந்ததுதான். அதன் அமைப்பை யோசித்துப் பாருங்கள். வேதாளம் கதை சொல்லும், முடிவில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னாலோ மௌனம் கலைந்துவிடும், வேதாளம் பறந்துபோய் மறுபடி முருங்கைமரத்தில் தொங்கும். ஆக, கதை முடிவதே கேள்வியில்தான். ராஜா சொல்வது அவருடைய பதில், ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாமாவும் அம்மாவும் ராத்திரி சாப்பிடும்போது ராஜா சொன்னது தப்பு, இவன்தான் பெரிய தியாகி, அவன் இல்லை என்று வாக்குவாதம் பண்ணியது எனக்கு நினைவிருக்கிறது. களி ஆறிப்போகும், குழம்பு ஆறிப்போகும், விவாதம் மட்டும் சூடாக இருக்கும். சிங்கத்துக்கு எலி உதவிய கதைக்கு எந்த வீட்டில் இப்படிச் சண்டை வந்திருக்கிறது? பழைய நூலில் இருப்பது 25 கதைகள்தான். அது தீர்ந்த பிறகும் அதே சட்டத்துக்குள் புதிதாக எழுதி எழுதிப் பல வருஷம் ஓட்டினார்கள் என்றால், அந்தக் கேள்விக்கு இருந்த இழுப்பு அப்படி.

பூந்தளிர் வேறு ரகம். 1984இல் வந்தது, ஆசிரியர் வாண்டுமாமா. வால் நீளுகிற குரங்கு கபீஷ், காக்கை காளி, சுப்பாண்டி, வேட்டைக்கார வேம்பு. படக்கதை என்பதால் எழுத்து குறைவு, அதனாலேயே முழுசாகப் படித்து முடித்தோம் என்ற பெருமை கிடைத்தது. டீக்கடைக்குப் போனால் தினத்தந்தியில் கன்னித்தீவு, 1960இல் ஆரம்பித்து இன்னும் முடியாத கதை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று படம், படத்துக்கு இரண்டு வரி. அப்போது யாரும் அதை ஆரம்ப வாசிப்பு என்றெல்லாம் சொல்லவில்லை, ஆனால் எங்கள் தெருவில் பாதிப் பையன்கள் எழுத்துக் கூட்டியது சிந்துபாத்தை வைத்துத்தான்.

அப்புறம் ரஷ்யப் புத்தகங்கள். இதைப் பற்றி எழுதாதவர்களே இல்லை, இருந்தாலும் நானும் எழுதுகிறேன். நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்காரர்கள் தர்மபுரியில் கண்காட்சி போட்டபோது அப்பா கூட்டிப்போனார். மாஸ்கோவில் அச்சடித்த தமிழ்ப் புத்தகம், ராதுகா பதிப்பகம் என்று போட்டிருக்கும். வழவழ தாள், கெட்டி அட்டை, விலையோ பஸ் டிக்கெட் மாதிரி. கிழவர் நட்ட கிழங்கு பெரிதாக வளர்ந்துவிடும், பிடுங்கினால் வராது, பாட்டி வந்து கிழவரைப் பிடித்து இழுப்பாள், பேத்தி பாட்டியை, நாய் பேத்தியை, பூனை நாயை என்று வரிசை நீண்டுகொண்டே போகும், கடைசியில் சுண்டெலி வந்து பூனையைப் பிடித்து இழுக்க, பொத்தென்று வந்துவிடும். அவ்வளவுதான் கதை. திரும்பத் திரும்ப அதே சொற்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு புது ஆள். எழுத்துக் கூட்டுகிற குழந்தைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, முன்பக்கத்தில் படித்த சொல் அடுத்த பக்கத்தில் தானாக வாயில் வரும். டர்னிப் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாது, படத்தைப் பார்த்துப் பெரிய முள்ளங்கி என்று முடிவு பண்ணிக்கொண்டோம். வெயிலில் ராகி காய்கிற ஊரில் உட்கார்ந்து பனியில் சறுக்கு வண்டி போகும் படங்களைப் பார்த்தோம். யாரும் எங்களுக்குப் பனியை விளக்கவில்லை, தேவையும் படவில்லை. பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டது சோவியத் நாடு பத்திரிகைத் தாளில், அதில் டிராக்டரும் சிரிக்கிற பெண்களும் இருப்பார்கள். 1991இல் அந்த நாடே போய்விட்டது, புத்தகமும் நின்றுவிட்டது.

பள்ளிப் புத்தகப் படங்களில் ஒன்றே ஒன்று எங்களுக்கு விசேஷம். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுக்கும் படம். தகடூர் என்றால் நம்ம தர்மபுரிதான் என்று வாத்தியார் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தப் படத்திலும் ஔவை நரைத்த முடி, கையில் கோல், கூன் விழுந்த பாட்டிதான். புறநானூற்றை வளர்ந்த பிறகு புரட்டியபோது 91ஆம் பாட்டில் நெல்லிக்கனி இருக்கிறது, பாட்டியைக் காணோம். 235ஆம் பாட்டில், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவிட்டுத் தானும் கூடக் குடிப்பானே என்று செத்துப்போன அதியமானை நினைத்து அழுகிறார் அதே ஔவை. இதற்கு யாராவது படம் போடுவார்களா என்றால் மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கோல் ஊன்றிய பாட்டியை என் தலையிலிருந்து கழற்ற முடியவில்லை, ஆறு வயதில் பார்த்த படத்தின் பலம் அது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தங்கையைத் தேன்கனிக்கோட்டையில் கொடுத்திருக்கிறோம். அவள் மகளுக்கு எட்டு வயது. அவளுக்குப் புத்தகம் வாங்கும் வேலை தாய்மாமன் என்ற முறையில் எனக்கு வந்திருக்கிறது. புத்தகத் திருவிழாவில் ஸ்டால் ஸ்டாலாக ஏறி இறங்கியதில் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம், அதில் தலைப்பாகை கட்டிய ராஜாவுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரக் கோட்டை, ‘சென்றுகொண்டிருந்ததைக் கண்ணுற்று’ என்று மூச்சு முட்டுகிற சொற்கள், கடைசியில் தவறாமல் ‘நீதி:’. ஆறு வயதுக் குழந்தை ‘கண்ணுற்று’ என்பதைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும். ‘பார்த்தது’ என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? பெரிய எழுத்து, கொஞ்சம் சொல், சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி, படம் பாதிக் கதையைச் சொல்ல வேண்டும். ரொம்பக் கஷ்டமான சமையல் குறிப்பு இல்லையே இது.

நல்லதும் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று கொடுக்கும் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படி பிரித்திருக்கிறார்கள், பாப்பா அதில் சிலவற்றைக் காட்டினாள், ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிதான், பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. செல்போனில் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே தமிழ்ப் படக்கதைகள் கிடைக்கின்றன, அச்செடுத்தும் கொடுக்கலாம். நம் மாவட்டத்திலேயே, ஊத்தங்கரை தாண்டி சிங்காரப்பேட்டைப் பக்கம் புளியானூரில் இருக்கிற குக்கூ காட்டுப்பள்ளிக்காரர்கள் தும்பி என்ற சிறார் இதழைக் கொண்டுவந்தார்கள். அதன் ஓவியங்களைப் பார்த்துவிட்டு மற்றதைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை.

ஆனால் எந்தப் புத்தகமாக இருந்தாலும் எங்கள் பாப்பாவிடம் யானைக் கதை மட்டும் செல்லாது. யானை நல்ல யானை, குழந்தைகளோடு பந்து விளையாடும், எல்லோருக்கும் உதவும் என்று ஒரு புத்தகத்தைப் படித்துக் காட்டினேன். அவள் ஊர்ப் பக்கம் கேழ்வரகு அறுப்புச் சமயத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாகக் கூட்டம் இறங்கும், விடிய விடியத் தீ மூட்டிக் காவல் இருப்பார்கள். பாப்பா படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “மாமா, இந்த ஊர்ல ராகி யாரும் போடலையா?” என்றாள். எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, இதெல்லாம் வேண்டாம் என்று போன பொங்கலுக்கு வேதாளத்திடமே போனேன். அம்புலிமாமா 2013 வாக்கிலேயே நின்றுபோய்விட்டதால் படம் கையில் இல்லை, செல்போனில் சங்கர் போட்டதைக் காட்டி வாயால் சொன்னேன். தலை மாறிய கதை. கோயிலில் ஒரு பெண்ணின் புருஷனும் அவளுடைய அண்ணனும் தலையை வெட்டிக்கொள்கிறார்கள், காளி வரம் கொடுக்கிறாள், அந்தப் பெண் அவசரத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள், இப்போது இருவரில் யார் அவள் புருஷன் என்று வேதாளம் கேட்கிறது. உடம்புக்குத் தலைதான் பிரதானம், அதனால் புருஷன் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவனே புருஷன் என்று விக்கிரமாதித்தன் பதில் சொன்னான் என்றேன்.

“இவரு எதுக்குச் சொல்றாரு? அந்த அக்காவையே கேட்டிருக்கலாம் இல்ல?” என்றாள் பாப்பா. தங்கை சமையல் கட்டிலிருந்து, “நல்லாக் கேளு” என்று குரல் கொடுத்தாள். மாப்பிள்ளை ராஜா பக்கம் பேச ஆரம்பித்தார்.