காபன் கம்பா, ஒரு தலைமுடியா?

தியவன்னா ஓயாக் கரையில் பின்னேரங்களில் தூண்டில் போடுகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் காபன் கம்புதான். வருவது பெரும்பாலும் திலாப்பியா, அதற்கு இவ்வளவு விறைப்பான கம்பு எதற்கு என்று கேட்டால், கார்ப் என்ற பெரிய நன்னீர் மீனைப் பிடிக்கிறவர்கள் இதைத்தான் பாவிக்கிறார்கள் என்று பதில் வரும். சரி, அவர்கள் ஏன் பாவிக்கிறார்கள்?

1952இல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் என்ற தூண்டில்காரர் 44 இறாத்தல் கார்ப்பை ஏற்றியது, பிளந்த மூங்கில் கீற்றுகளை ஒட்டித் தானே வடிவமைத்த 10 அடிக் கம்பில். பிறகு கண்ணாடி இழை வந்தது, அப்புறம் காபன், நீளமும் 12 அடியானது. கம்பின் நுனியைச் செங்குத்தாக வளைக்க எவ்வளவு பாரம் வேண்டும் என்பதை டெஸ்ட் கேர்வ் என்பார்கள். அன்று ஒன்றரை இறாத்தல் அளவில் இருந்தது, இன்று 3, மூன்றரை. அந்த விறைப்பு மீனை இழுக்க அல்ல, தூண்டில் நூலில் கட்டிய பாரமான ஈயத்தைத் தூர எறிய.

ஈயம் பாரமானதற்குக் காரணம் ஒரு தலைமுடி என்பேன் நான். முன்பு கொக்கியைப் பாணுக்குள்ளோ உருளைக்கிழங்குக்குள்ளோ புதைப்பார்கள், கார்ப் உறிஞ்சிப் பார்த்துவிட்டுத் துப்பிவிடும், மனிதன் கண் இமைக்காமல் காத்திருந்து சரியான நொடியில் வெட்டி இழுக்கவேண்டும். 1980 வாக்கில் லென்னி மிடில்டனும் கெவின் மடொக்சும் இரையைக் கொக்கிக்கு வெளியே, ஒரு முடியில் தொங்கவிட்டார்கள். நிசமான தலைமுடிதான். இரையோடு வெறும் கொக்கியும் வாய்க்குள் போகும், துப்பும்போது குத்தும், மிரண்டு ஓடினால் அந்தப் பாரமான ஈயமே இழுத்துக் கொழுவிவிடும். வெட்டி இழுக்க ஆள் தேவையில்லை. அதனால்தான் கம்பைத் தாங்கியில் வைத்து, மீன் இழுத்தால் ஒலிக்கும் மின் மணியைப் பூட்டிவிட்டுக் கூடாரத்தில் நித்திரை கொள்கிறார்கள். (மின் மணி வாக்கர் காலத்திலேயே உண்டு, நிம்மதியான நித்திரைதான் புதிது.)

காபன் விற்கிறவர்கள் சொல்லாத இன்னொன்று: அதே 1980இல் அதே ரெட்மயரில் கிறிஸ் யேட்ஸ் மூங்கில் கம்பாலும் சோள மணியாலும் 51 இறாத்தலுக்கு மேல் ஒன்றை ஏற்றினார்.

நுவரெலியா கிரகரி வாவிக்குக் கார்ப் தேடிப் போகிற தம்பிமார் கம்புக்குக் காசைக் கொட்டமுன் அந்த முடி முடிச்சைப் பழகுங்கள். முடிக்குப் பதில் மெல்லிய நூல் போதும், கொக்கி வளைவுக்கும் இரைக்கும் நடுவில் சில மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். கோதுமை மா உருண்டை நூலில் நிற்காது, கரைந்துபோகும். ஊறவைத்து அவித்த கடலை நிற்கும்.