தெளிவாக இருந்தால் சுத்தமா?

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் முக்கால்வாசி வேலையைப் பார்ப்பது பாக்டீரியாதான். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டென், லாக்கெட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டிய வழிதான் இன்றும் பல ஊர்களில் ஓடுகிறது: தொட்டியில் காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகும், அப்புறம் அடுத்த தொட்டியில் சேறாக அடியில் படியும், அந்தச் சேற்றில் ஒரு பகுதியை மறுபடி காற்று ஊதும் தொட்டிக்கே விடுவார்கள். நிலையத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி இந்தக் காற்றுக்கே போய்விடும். கரண்ட் பில்லுக்குப் பயந்து காற்றை ஊதும் ப்ளோயரை நிறுத்தி வைத்தால் கதை முடிந்தது.

சரி, தண்ணீர் தெளிவாக வெளியே வந்துவிட்டது, ஆனால் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தனியாக நீக்காவிட்டால் அவை அதிலேயே நிறைய மிச்சம் இருக்கும், ஆற்றில் பாசி மண்டும், அந்தப் பாசி செத்து அழுகும்போது ஆக்ஸிஜன் குறைந்து மீன்கள் மிதக்கும். சின்ன ஊருக்குப் பக்கத்தில் ஓடுவதும் பெரும்பாலும் சின்ன ஆறுதான், கோடையில் அதில் ஓடுவதே முக்கால்வாசி இந்தத் தண்ணீராக இருக்கலாம், கீழே இருக்கிற ஊர் அதையே குடிக்க எடுக்கும் (இதை யாரும் யோசிப்பதில்லை).

எனக்கு எரிச்சல் வருவது மொட்டைமாடி மழைநீர்க் குழாயைப் பாதாளச் சாக்கடையில் இணைப்பவர்கள் மேல்தான். ஒரு பெருமழையில் வெள்ளம் சாக்கடை வழியாக நிலையத்துக்குள் புகுந்து, வளர்த்த நுண்ணுயிர்களை ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போய்விடும், மறுபடி அவை பெருக நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் ஆகும்.