அடுப்புச் சுவர்

சித்திர சார் இறந்துபோன செய்தி கடல் தாண்டி வந்த பழைய மாணவர்கள் நம் சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் வந்த அன்று, ஒரு மணி நேரத்துக்குள் 46 கும்பிட்ட கைகள். அதில் ஒன்று என்னுடையது. சங்கத்தின் மலருக்கு அவரைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்ததும், “நீதான் எழுதணும், உன்னைத்தானே அவருக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றார்கள். ஞாபகத்துக்கு எவ்வளவு தாராள மனசு! அவர் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து வகுப்பையே சிரிக்க வைத்த அன்று இவர்களும் அங்கேதான் இருந்தார்கள். மூன்றாவது பெஞ்சிலிருந்து முதலில் சிரித்தவன்தான் இப்போது மலரின் பொறுப்பாசிரியர். இந்த வரியை அவன் வெட்டாமல் விட்டால் பெரிய மனிதன்.

வியாழக்கிழமை கடைசிப் பீரியட். கணக்கு சார் கடன் வாங்காத வாரங்களில் மட்டும்தான் நமக்குச் சித்திர வகுப்பு. அவர் ஒரு தடவையும் கடனைத் திருப்பியதில்லை, கணக்கு சாராக இருந்தும். எட்டாம் வகுப்பில் அப்படித் தப்பிப் பிழைத்த ஒரு வியாழனன்று, சார் போர்டில் ‘வீடு’ என்று மட்டும் எழுதிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார். என்ன வரைந்தோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், டிக் போட்ட மாதிரி நாலு பறவை, ஓட்டு வீடு, வாசலிலிருந்து வளைந்து வளைந்து வரும் பாதை. என் பெட்டியில் 12 கலர். வெள்ளையைத் தவிர அத்தனையையும் செலவழித்திருந்தேன்.

சார் நோட்டை வாங்கி உயரத் தூக்கினார்.

“ரொம்ப அழகா இருக்கு. இந்த வீட்ல அடுப்பு எரியுமாடா?”

அவர் கேட்டது படத்தை. வகுப்புக்குக் கேட்டது எங்கள் வீட்டை. அந்த வருடம் எங்கள் வீட்டு நிலவரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சிரிப்பு அடங்க வெகுநேரமானது. சாருக்கு ஏன் இவ்வளவு சிரிப்பு என்று புரியாமல், தன் நகைச்சுவைக்குத்தான் போல என்று அவரும் லேசாகச் சிரித்தார். அதைத்தான் நான் நெடுங்காலம் மன்னிக்கவில்லை.

அப்புறம் அடுத்த வாரத்துக்கு வேலை கொடுத்தார். “ஒரே ஒரு கலர். வீடுன்னதும் எது முதல்ல கண்ணுல வருதோ, அது. மத்த பதினொண்ணையும் மூடி வை.” கூடவே டச்சு ஓவியர் வான்கோவின் கதை. 1885-ல் உருளைக்கிழங்கு சாப்பிடும் குடியானவர்களை வரைந்தபோது, தோலுரிக்காத, மண் ஒட்டிய உருளைக்கிழங்கின் நிறத்தை அந்த முகங்களுக்குக் கொடுத்ததாகத் தம்பிக்குக் கடிதம் எழுதியவர் அவர். அதே ஆள் 3 வருடம் கழித்து பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில் தான் வாடகைக்கு எடுத்த வீட்டை மஞ்சளாக வரைந்தார். “அது இருந்த வீட்டு நிறம். இது வேணும்னு ஆசைப்பட்ட வீட்டு நிறம்” என்றார் சார். ஆசைப்பட்ட வீட்டில் அந்த மனிதர் சில மாதங்கள்தான் இருக்க முடிந்தது, 1944-ல் குண்டு விழுந்து கட்டடமே போனது என்பதெல்லாம் நான் பிற்பாடு படித்தவை.

எனக்கு எந்த நிறம் என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. அடுப்புக்கு மேலே இருந்த சுவர். கீழே, தீ நாக்கு படும் இடத்தில், எண்ணெய் தடவியது போலப் பளபளக்கும் கறுப்பு. ஒரு முழம் மேலே போனால் பளபளப்பு போய்த் தூள் தூளாக ஒட்டும் கறுப்பு. கூரையைத் தொடுமிடத்தில் ஆறிய காப்பி நிறம். நடுவில் அம்மாவின் நாலு விரல்கள் இழுத்த தடம், எப்போதோ நிலை தடுமாறிப் பிடித்தது. நான் அந்தச் சுவரைத்தான் மலைக்கும் சூரியனுக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

அடுத்த வியாழன் நீலத்தில் வரைந்து கொடுத்தேன். வீம்பு. “வானம் எல்லாருக்கும் ஒண்ணுதானடா” என்று சொல்லி 10-க்கு 4 போட்டார்.

அல்ட்ராமரீன் என்ற நீலத்துக்குக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தது என்று பொருளாம். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டிய கல்லை இடித்து எடுத்த நீலம், கடல் தாண்டி ஐரோப்பா போனதால் அந்தப் பெயர். ஆக நம் சங்க உறுப்பினர்கள் அத்தனை பேரும் அந்தக் கலர்தான். 4 மார்க் கலர்.

2023-ல் வேலையாகப் பாரிஸ் போயிருந்தபோது பொம்பிடு மையம் என்ற கலைக்கூடத்தில் நம்மூர் ஓவியர் எஸ்.எச். ரசாவின் படங்களை வைத்திருந்தார்கள். மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே போனேன். மத்தியப் பிரதேசத்துக் காட்டோரக் கிராமத்துப் பையன் அவர். ஒரு நிமிடம் சும்மா உட்கார மாட்டாராம். ஆரம்பப் பள்ளி வாத்தியார் சுவரில் ஒரு புள்ளியைப் போட்டு, இதையே பார் என்று உட்கார வைத்திருக்கிறார். 1950-ல் பாரிஸ் போன ரசாவுக்கு அந்தப் புள்ளி ‘பிந்து’வாகத் திரும்பி வர ஏறக்குறைய முப்பது வருடம் பிடித்தது. பெரிய கறுப்பு வட்டம். கறுப்பிலிருந்துதான் மற்ற நிறங்கள் பிறக்கின்றன என்பது அவர் கணக்கு. அறுபது வருடம் பிரான்ஸில் இருந்துவிட்டு 2010 கடைசியில் தில்லிக்கு வந்தார். 2016-ல் இறந்ததும், அவர் விரும்பியபடி மத்தியப் பிரதேசத்து மண்ட்லாவில் தகப்பனார் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

அந்தக் கறுப்பு முன்னால் நான் நின்றேன். மேதைமை, தத்துவம் எதுவும் தோன்றவில்லை. புகை வாசனை அடித்தது. காவலாளி இரண்டு முறை என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, பழைய அடுப்படிச் சுவரின் போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். “கரிச்சுவத்தை எவன்டா போட்டோ எடுப்பான்?” என்று சிரித்தார். அந்தச் சுவரை இடித்து வெள்ளை டைல்ஸ் ஒட்டியது நான் அனுப்பிய முதல் பணத்தில்தான். அம்மாவுக்கு அதில் இன்றைக்கும் பெருமை. எனக்கும் இருந்தது.

ஒரு லீவில் சாரைப் போய்ப் பார்த்தேன். அடுப்புக் கேள்வி அவருக்கு நினைவே இல்லை. “நீ நீலத்துல ஒண்ணு போட்டியே” என்றார். அந்த ஒரு படத்தை அவர் ஞாபகம் வைத்திருந்தார். சுவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் காப்பி வந்துவிட்டது.

கட்டுரையோடு படம் ஒன்றும் வேண்டும் என்று பொறுப்பாசிரியர் கேட்டிருக்கிறான். கரிக்குச்சி வாங்கி மூன்று சாயங்காலம் முயன்றேன். கீழே உள்ள பளபளப்பு வருகிறது. மேலே போகப் போகப் பழுப்பாக வேண்டிய இடத்தில், எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் நிறம்தான் வருகிறது. பழுப்புக் குச்சியைத் தொட்டால் இரண்டு கலர் ஆகிவிடும். விரல் தடம் மட்டும் சரியாக வந்தது, ஆனால் என் கை பெரிது. படம் இல்லாமலே அனுப்புகிறேன்.