ஆர்ஃபன் அந்தஸ்து வாங்கிய கதை

"மருந்துக்குப் போய் எதுக்குடா அனாதைன்னு பேரு?" என்றார் அம்மா. திருவையாற்றில் வாசல் அறைதான் என் ஆபீஸ். அமெரிக்காவில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்கு மருந்து விண்ணப்பங்கள் எழுதித் தருகிறேன். நோயாளிகள் குறைவு, லாபம் வராது என்று யாரும் எடுத்து வளர்க்காத மருந்து, அதனால்தான் என்றேன்.

அப்போது கையில் இருந்தது ஜிஎஸ்டி 1ஏ நோய்க்கான மரபணு சிகிச்சை, அதாவது பழுதான மரபணுவுக்குப் பதில் நல்லதை உடலுக்குள் செலுத்தும் மருந்து. வரி இல்லை, கிளைக்கோஜன் சேமிப்பு நோய். கல்லீரலில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றி ரத்தத்தில் விடும் நொதி இந்தக் குழந்தைகளுக்கு வேலை செய்யாது. சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே சர்க்கரை இறங்கிவிடும். ராத்திரியும் எழுப்பி, கார்ன்ஃப்ளாரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். காய்ச்சினால் சீக்கிரம் செரித்துவிடும், பலனில்லை. இந்தப் பகுதியை எழுதிய அன்று நானும் ஒரு டம்ளர் கரைத்துக் குடித்துப் பார்த்தேன். கலக்கிக்கொண்டே குடித்தும் பாதி மாவு அடியில் தங்கிவிட்டது. நாக்கில் சாக்பீஸ் ருசி.

அமெரிக்காவின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே 2 லட்சம் பேருக்குக் குறைவாக உள்ள நோய் என்றால், அதற்கான மருந்துக்கு ஆர்ஃபன், அதாவது அனாதை மருந்து என்ற அந்தஸ்தை அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவிடம் கேட்கலாம். (நம் 2019 விதிகளில் 5 லட்சம் பேர் வரை.) விண்ணப்பக் கட்டணம் இல்லை. பின்னால் ஒப்புதலும் கிடைத்தால் 7 வருடம் தனி விற்பனை உரிமை உண்டு.

நான் பயந்தது எண்ணிக்கைப் பகுதிக்கு. அது ஒரே பக்கத்தில் முடிந்தது. சுமார் லட்சம் பிறப்புக்கு ஒன்று. அங்கே வருடத்துக்கு ஏறக்குறைய 36 லட்சம் பிறப்பு. எல்லாரும் 80 வயது வாழ்ந்தாலும் மூவாயிரத்தைத் தாண்டாது.

மாட்டிக்கொண்டது எலியில். இந்தக் கட்டத்தில் மனிதர்களிடம் சோதித்திருக்க வேண்டியதில்லை, பொருத்தமான விலங்குச் சோதனை போதும். எங்கள் எலி முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றுக்குப் போட்டது மருந்தின் பழைய வடிவம். மரபணுவை இயக்கும் துண்டை அப்புறம் மாற்றிவிட்டார்கள். ஒரு அடிக்குறிப்பில் அது இருந்தது. நான் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன்.

மேட்டூர் திறந்த வாரத்தில் அனுப்பினோம். குறுவை அறுப்பு நடக்கும்போது பதில் வந்தது: நீங்கள் விண்ணப்பித்த மருந்துக்கே ஆதாரம் காட்டுங்கள். அவகாசம் ஒரு வருடம். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அந்த எலிக்குஞ்சுகளோ குளுக்கோஸ் ஏற்றாவிட்டால் பால்குடி மறக்கும் வரைகூடப் பெரும்பாலும் தாங்காது. சம்பாவும் அறுத்து முடிந்த பிறகுதான் பதில் அனுப்பினோம். இந்த முறை கிடைத்துவிட்டது.

"அப்ப மருந்து கடைக்கு வந்துடுமா?"

"இன்னும் ஒரு மனுஷனுக்குக்கூடப் போடலைம்மா. இது வெறும் அந்தஸ்துதான்."

அம்மா ஒன்றும் சொல்லாமல் கார்ன்ஃப்ளார் டப்பாவை மேல்தட்டில் ஏற்றிவைத்தார். அந்தஸ்து கிடைத்த 14 மாதத்துக்குள் முதல் அறிக்கை போக வேண்டும். இந்தத் தடவை அடிக்குறிப்புகளிலிருந்து படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.