பழைய லேப்டாப்ல வைஃபை: கார்டு போகல, என்னோட மூணு நாள்தான் போச்சு

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க பழைய லேப்டாப்பை ஒரு கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "வைஃபை கார்டு அவுட்டு சார்"னு சொன்னா உடனே பர்ஸை எடுக்காதீங்க. நான் எடுத்தேன். செக்கிங் சார்ஜ் 300 ரூவா, போக வர பஸ், அரை நாள் லீவு. கார்டு குத்துக்கல்லாட்டம் நல்லாத்தான் இருந்துச்சு.

லேப்டாப் எங்க மாமாவோடது. விருதுநகர்ல இருக்காரு, கூட்டுறவு சொசைட்டில இருந்து ரிடையர் ஆனவரு. அவர் பொண்ணு 2009ல டெக்சாஸ்ல படிக்கறப்ப அங்க வாங்குன லேப்டாப் அது (டெக்சாஸ்ங்கறதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்). கோர் டூ டுவோ, 4 ஜிபி ராம், தூக்குனா அம்மிக்குழவி மாதிரி கனம். கோயில் கமிட்டி வரவு செலவு பூரா அதுலதான் போடுறாரு. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓட அப்டேட் நின்னு போச்சு, அப்பறம் பிரவுசரும் பழசாகி பேங்க் சைட்டே தொறக்கறதில்ல. இப்ப வீட்டுக்கு ஃபைபர் வந்துருச்சு, ரூட்டர் வச்சுட்டுப் போயிட்டாங்க. "மாப்ள, தூக்கிப் போட மனசு வரல, எதாவது பண்ணுப்பா"ன்னாரு. சரி விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் (இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போட்டுடலாம்னு பொங்கல் லீவுல போனேன்.

மின்ட் 21.3, பழைய மெசினுக்குத் தோதான லேசான எக்ஸ்எஃப்சிஇ எடிசன். இன்ஸ்டால் எல்லாம் அரை மணி நேரத்துல முடிஞ்சுது, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. சவுண்டு, டச்பேடு எல்லாம் தானா வந்துச்சு. வைஃபை மட்டும் இல்ல. நெட்வொர்க் ஐகானை அமுக்குனா கேபிள் கனெக்சன் மட்டும் காட்டுது, வைஃபைங்கற வார்த்தையே இல்ல. ரூட்டர் மாடில இருக்கு, கையில அவ்வளவு நீள கேபிளும் இல்ல. அப்பதான் மாமா "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை இருக்கு மாப்ள"ன்னாரு, நானும் புத்தி கெட்டுப் போய் தூக்கிட்டுப் போனேன். கடைக்காரர் பத்து நிமிஷம் பாத்தாரு, ஸ்க்ரூவைக் கூட கழட்டல, "கார்டு அவுட்டு, புதுசு 1,800 ஆகும், போர்டுல கம்ப்ளைன்டுன்னா அது தனி"ன்னாரு. யோசிச்சு சொல்றேன்னு 300ஐக் குடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து ராத்திரி டெர்மினலைத் (கமாண்டு அடிக்கிற ஜன்னல்) தொறந்து, உள்ள இருக்கற கார்டையெல்லாம் லிஸ்ட் போடுற எல்எஸ்பிசிஐ கமாண்டை அடிச்சுப் பாத்தேன், இதைக் காலையிலயே அடிச்சிருக்கணும். லிஸ்ட்ல ஜம்முனு உக்காந்திருக்கு, பிராட்காம் பிசிஎம்4312. செத்துப்போன கார்டா இருந்தா பெரும்பாலும் இந்த லிஸ்ட்லயே வராது. அதுல பேர் இருக்கு, ஆனா ஐகான்ல வைஃபை இல்லன்னா முதல்ல டிரைவரைத்தான், அதாவது கார்டை ஓட்டுற சாஃப்ட்வேரைத்தான், சந்தேகப்படணும். இந்த கார்டுக்கு டிரைவர் தனியா போடணும், லைசன்ஸ் விவகாரம், அதனால மின்ட் தானா ஏத்தாது, டிரைவர் மேனேஜர்ல போய் நாமதான் டிக் பண்ணணும். டிரைவரை இறக்க நெட் வேணும், நெட்டு வர டிரைவர் வேணும். பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம், கல்யாணம் ஆனாதான் பைத்தியம் தெளியும்ங்கற கதை.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த டிரைவர் இன்ஸ்டால் பண்ற பென்டிரைவுக்குள்ளயே இருக்கு. நெட் இல்லாட்டியும் பென்டிரைவைச் சொருகிட்டு டிரைவர் மேனேஜரைத் தொறந்தா அதுல இருந்தே எடுத்துக்கும். எனக்கு இது தெரிய வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடிதான் அத்தை "டிவில போட எதாவது பழைய படம் ஏத்திக் குடுய்யா"ன்னாங்க, நானும் இன்ஸ்டால்தான் முடிஞ்சுதேன்னு அதே பென்டிரைவை ஃபார்மேட் பண்ணிப் படம் ஏத்திக் குடுத்துட்டேன். தயவுசெஞ்சு வைஃபை வந்து ஒரு நாள் ஓடுற வரைக்கும் இன்ஸ்டால் பென்டிரைவைத் தொடாதீங்க.

வேற வழியில்லாம போனை யூஎஸ்பில சொருகி டெதரிங் (போன் நெட்டை கேபிள் வழியா லேப்டாப்புக்குக் குடுக்கறது) ஆன் பண்ணலாம்னு பாத்தேன். ஆண்ட்ராய்டு போன்னா இதுக்குத் தனியா டிரைவர் வேண்டாம், கேபிள் நெட் மாதிரியே எடுத்துக்கும். ஆனா போன்ல யூஎஸ்பி டெதரிங் பட்டன் மங்கலாவே இருக்கு, அமுக்க முடியல. முக்கா மணி நேரம் செட்டிங்ஸ்ல பொரட்டி எடுத்தேன். கடைசில பாத்தா மாமாவோட கேபிள் வெறும் சார்ஜ் ஏத்துற கேபிள், உள்ள டேட்டா ஒயரே இல்ல. எதிர்வீட்டுப் பையன்கிட்ட ஒரு கேபிள் வாங்கி மாட்டுனதும் ஒரே செகண்டுல நெட் வந்துருச்சு. உடனே மின்ட் சும்மா இருக்குமா, அப்டேட் மேனேஜர் தொறந்து எல்லாத்தையும் இறக்கட்டுமான்னு கேட்டுச்சு. நானும் தூக்கக் கலக்கத்துல சரின்னுட்டேன், ஒன்றரை ஜிபி பேக்குல பாதி அதுலயே காலி. டெதரிங்ல இருக்கறப்ப டிரைவரை மட்டும் இறக்குங்க, மத்ததெல்லாம் வைஃபை வந்தப்பறம்.

டிரைவர் போட்டாச்சு, ரீஸ்டார்ட் பண்ணியாச்சு. இப்ப வைஃபைங்கற வார்த்தை வந்துருச்சு, ஆனா மங்கலா, ஆன் ஆக மாட்டேங்குது. மாமா பின்னாடி நின்னுட்டு "வந்துருச்சா மாப்ள"ங்கறாரு. வைஃபையை எது அணைச்சு வச்சிருக்குன்னு பாக்க ஆர்எஃப்கில் லிஸ்ட்னு ஒரு கமாண்டு இருக்கு, அது ரெண்டு வரி காட்டும். சாஃப்ட் பிளாக்டு யெஸ்னா சாஃப்ட்வேர்ல அணைச்சிருக்கு, அன்பிளாக் பண்ணா போச்சு. ஹார்டு பிளாக்டு யெஸ்னா எந்தக் கமாண்டு அடிச்சாலும் வேலைக்காகாது, பெரும்பாலும் லேப்டாப் உடம்புல எங்கயோ ஒரு ஸ்விட்ச் இருக்குன்னு அர்த்தம். எனக்கு ஹார்டு. எஃப்என் கீயை வச்சு எல்லாத்தையும் அமுக்கிப் பாத்துட்டேன், ம்ஹூம். அப்பறம் போன் டார்ச்சை அடிச்சு லேப்டாப்பைச் சுத்திச் சுத்திப் பாத்தா, முன்னாடி விளிம்புல, நம்ம மணிக்கட்டு வைக்கிற இடத்துக்குக் கீழ, அரிசி மணி அளவுக்கு ஒரு தள்ளு ஸ்விட்ச். பதினஞ்சு வருஷத் தூசி அடைச்சு விளிம்போட விளிம்பா ஒட்டிப்போய்க் கெடக்கு. ஊக்கு நுனியால தூசியைக் கிளறிவிட்டுத் தள்ளுனேன். ஆரஞ்சு லைட்டு நீலமாச்சு. அந்த நேரத்துக்கு ராத்திரி 12 மணி, நான் போட்ட சத்தத்துல அத்தை எந்திரிச்சு வந்துட்டாங்க.

சந்தோசம் ஒரு நிமிஷம்தான். லிஸ்ட்ல பக்கத்து வீடு இருக்கு, எதிர்வீடு இருக்கு, தெருமுனை ஜவுளிக்கடை கூட இருக்கு. மாமா வீட்டு வைஃபை மட்டும் இல்ல! என் போன்ல அதே இடத்துல ஃபுல் சிக்னல் காட்டுது.

முதல்ல தோணுனது 5 கிகாஹெர்ட்ஸ். ரூட்டர் 2.4, 5னு ரெண்டு அலைவரிசைல வைஃபை அனுப்பும். இந்த கார்டு பழைய ஜி தலைமுறை வைஃபை, 2.4 மட்டும்தான் புடிக்கும், 5 இருக்கறதே அதுக்குத் தெரியாது. ரூட்டர்ல ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சிருந்தாங்க. செட்டிங்ஸ்ல போய் ரெண்டையும் பிரிச்சு 2.4க்குத் தனிப்பேர் வச்சேன். அப்பவும் வரல. தூங்கப் போயிட்டேன்.

மறுநாள் காலையில போன்ல ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டுப் பாத்தப்பதான் பிடிபட்டுச்சு. 2.4ஐ நம்பர் போட்ட சேனலாப் பிரிச்சிருப்பாங்க; தெருவுல எல்லாரும் 1, 6, 11னு உக்காந்திருக்காங்க, நம்ம ரூட்டர் ஆட்டோல இருந்து, கூட்டம் இல்லாத இடமாப் பாத்து 13ஆம் சேனல்ல போய் உக்காந்திருக்கு. இங்க 2.4ல 13 வரைக்கும் இருக்கு, ஆனா அமெரிக்காவுல 11 வரைக்கும்தான் ஓட்டுவாங்க. டெக்சாஸ்ல வாங்குன லேப்டாப், அந்த ஊர் கணக்கு கார்டுக்குள்ளயே எழுதியிருக்கு, அதனால 12, 13 பக்கம் அது திரும்பிக்கூடப் பாக்காது. ரூட்டர்ல ஆட்டோவை எடுத்துட்டு சேனல் 6னு நிலையா வச்சேன், லேப்டாப்ல பேர் டக்குனு வந்து நின்னுச்சு. உங்களுக்கும் ஊர்ல எல்லார் வைஃபையும் தெரிஞ்சு உங்களோடது மட்டும் தெரியலன்னா முதல்ல இதைப் பாருங்க. ஆட்டோல விட்டுட்டா இன்னைக்கு வந்தாலும் கரன்ட் போயிட்டு வந்ததும் மறுபடி 13க்குப் போனாலும் போயிடும்.

பாஸ்வேர்டு அடிச்சா திருப்பித் திருப்பிக் கேக்குது. மாமா "ஸ்பெல்லிங் பாருப்பா"ங்கறாரு, நாலு தடவை சரியாத்தான் அடிச்சேன். ரூட்டர்ல செக்யூரிட்டி, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 (வைஃபையைப் பூட்டுற பழைய முறை, புது முறை) ரெண்டும் கலந்த மோடுல இருந்துச்சு, இந்தப் பழைய டிரைவருக்கு அந்தக் கலவை ஒத்துக்கல. 2.4க்கு மட்டும் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்னு மாத்துனதும் உள்ள விட்டுருச்சு. அவசரத்துல செக்யூரிட்டியையே எடுத்துடாதீங்க, டபிள்யூபிஏ2 போதும்.

ஸ்பீடெல்லாம் பெருசா எதிர்பாக்கக் கூடாது. கார்டோட உச்சமே பேப்பர்ல 54 எம்பிபிஎஸ், கைக்கு வர்றது 20ஐ ஒட்டி. 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டுட்டு 20ஆன்னு எனக்குக் கடுப்பா இருந்துச்சு, மாமாவுக்கு பேங்க் சைட் தொறந்ததுலயே அவ்வளவு சந்தோசம். ஸ்பீடு வேணும்னா யூஎஸ்பில சொருகற ஒரு வைஃபை டாங்கிள் வாங்கிக்கலாம், ஆனா லினக்ஸ்ல ஓடுமான்னு உள்ள இருக்கற சிப் பேரைப் பாத்துட்டு வாங்குங்க, அட்டைப்பெட்டி மேல போட்டிருக்கறதை நம்பி வாங்காதீங்க.

ஊருக்கு வந்து நாலு நாள்ல போன். "மாப்ள, நெட் போச்சு." எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. என்ன பண்ணீங்கன்னா ஒண்ணுமே பண்ணலங்கறாரு. லைட்டு என்ன கலர்னேன், ஆரஞ்சுன்னாரு. அத்தை வெள்ளிக்கிழமை வீடு தொடைக்கறப்ப லேப்டாப்பையும் சேத்துத் தொடைச்சிருக்காங்க, துணி பட்டு ஸ்விட்ச் தள்ளிருச்சு. ஊக்கை எடுத்து இடது பக்கம் தள்ளச் சொன்னேன். நீலம் வந்துருச்சு. இப்ப அந்த ஸ்விட்சு மேல செல்லோடேப் ஒட்டி, பக்கத்துல பேனாவால "தொடாதே"ன்னு எழுதி வச்சிருக்காராம், அத்தைக்கு.