காலாங் வரை நடந்துவிடுங்கள்

சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் கச்சேரி பார்த்தவர்களைக் கேட்டால், டிக்கெட் வாங்கப் பட்ட பாட்டைப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். வீடு திரும்பிய கதையை மட்டும் "ஒரே கூட்டம்" என்று முடித்துக்கொள்வார்கள். ஐம்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே கதவைத் தேடி நடக்கும் இரவைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதானா இருக்கிறது? எனக்கு மேடையில் நடப்பதைவிட இதில்தான் ருசி அதிகம். ரயில் வரைபடத்தை வாரப் பத்திரிகை போலப் படிக்கிற ஆள் நான்.

2024 ஜனவரியில் கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழு இங்கே ஆறு இரவுகள் பாடியது. திருச்சியில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் 26ஆம் தேதிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அன்று ஊரில் குடியரசு தின விடுமுறை, வெள்ளிக்கிழமை வேறு. சனி, ஞாயிறைச் சேர்த்துக்கொண்டால் கல்லூரியில் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமும் இருக்கிறது. கூட வர வேண்டிய தோழிக்குக் கடைசி நேரத்தில் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. இரண்டாவது டிக்கெட் தாய்மாமன் தலையில் விழுந்தது. அந்தக் குழுவின் பாட்டு ஒன்றுகூட எனக்கு முழுதாகத் தெரியாது. போய்வரும் வழியை என்னிடம் விட்டுவிட வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்.

அரங்கம் இருக்கும் காலாங், ஒரு காலத்தில் விமானங்கள் இறங்கிய நிலம். 1937இல் அங்கே விமான நிலையம் திறந்தார்கள். 1955இல் அது பாய லேபாருக்கு இடம் மாறியது. 1973இல் பழைய தேசிய அரங்கம் வந்தது. அதையும் இடித்துவிட்டு, 55,000 பேர் உட்காரக்கூடிய இப்போதைய குவிமாடத்தை 2014இல் திறந்தார்கள். கூரையின் விட்டம் 310 மீட்டர். உள்ளே கண்ணை மறைக்க ஒரு தூண் கிடையாது. இத்தனை பேரை ஏற்றி இறக்க, அரங்கின் வாசலிலேயே 'ஸ்டேடியம்' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. புதிய அரங்கம் எழும்புவதற்கு முன்பே, 2010 ஏப்ரலில் அது ஓடத் தொடங்கிவிட்டது. உயர்ந்த கூரையும் நீளமான கூடமுமாக, கூட்டத்தை மனத்தில் வைத்துக் கட்டிய நிலையம்தான். குறை நிலையத்தில் இல்லை, அங்கே வருகிற வண்டியில் இருக்கிறது. ஸ்டேடியம் நிலையம் வட்டப் பாதையில் அமைந்தது; அந்தப் பாதையில் ஓடுவதெல்லாம் மூன்று பெட்டி ரயில்கள். கால்மணி நேர நடையில், 1989 முதல் இயங்கும் காலாங் நிலையமோ கிழக்கு மேற்குப் பாதையைச் சேர்ந்தது. அங்கே ஆறு பெட்டிகள்.

இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும், அந்த இரவில் பாதிப் பேரை முந்திவிடலாம்.

நான் இருப்பது ஈசூனில், தீவின் வடக்கே. அங்கிருந்து அரங்குக்கு இரண்டு வழி. வடக்கு தெற்குப் பாதையில் பீஷானில் இறங்கி வட்டப் பாதைக்கு மாறினால் ஸ்டேடியம் நிலையத்தின் வாசலிலேயே இறக்கிவிடும். அதே வடக்கு தெற்குப் பாதையில் சிட்டி ஹால் வரை போய்க் கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறினால் காலாங். தொலைபேசியைக் கேட்டால் பெரும்பாலும் முதல் வழியைத்தான் சொல்லும். போகும்போது அது சொல்வது சரி. ஏனென்றால் கச்சேரிக்குப் போகிறவர்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் பரவி வருகிறார்கள். சின்ன ரயிலே சமாளித்துவிடுகிறது. திரும்பும்போது எல்லாரும் அரைமணி நேரத்தில் வந்து நிற்கிறார்கள். போன வழியே திரும்பி வர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கிளம்பும் முன் பயண அட்டைகளில் திரும்புவதற்கான பணத்தையும் போட்டுவிட்டேன். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு சொல்: ஒரு தடவைக்கு மட்டும் வாங்கும் ரயில் சீட்டை 2022இலேயே நிறுத்திவிட்டார்கள். ஈசி-லிங்க் போன்ற அட்டையோ, தொட்டுக் கட்டணம் செலுத்தும் வங்கி அட்டையோ, அதே வசதியுள்ள தொலைபேசியோ கையில் இல்லாமல் நிலையத்துக்குள் நுழைய முடியாது. இரவு பதினொரு மணிக்கு, பின்னால் இருநூறு பேர் நிற்க, பணம் நிரப்பும் இயந்திரத்தில் பொத்தானைத் தேடிக்கொண்டிருப்பதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

மூன்று மணிக்கே வீட்டை விட்டு இறங்கினோம். "மாமா, கதவு திறக்கவே நேரம் இருக்கிறதே" என்றாள். வெள்ளிக்கிழமை மாலை அலுவலகக் கூட்டத்தோடு கச்சேரிக் கூட்டமும் சேர்ந்தால் பீஷானில் நிற்க இடம் இருக்காது என்பது ஒரு காரணம். சாப்பாடு இன்னொரு காரணம். வட்டப் பாதையில் ஓட்டுநர் கிடையாது. முன் பெட்டியின் நுனிக் கண்ணாடியருகே நின்றால் சுரங்கப் பாதை வளைந்து வளைந்து நம்மை நோக்கி வருவதைப் பார்க்கலாம். பீஷானில் ஏறியதிலிருந்து அவள் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவில்லை. ஐந்து வயதுப் பையன் ஒருவன் இடம் கேட்டு முறைத்துக்கொண்டே வந்தான்.

ஸ்டேடியத்துக்கு இரண்டு நிலையங்கள் முன்னால், டகோட்டாவில் இறங்கினோம். பழைய விமான நிலையத்தில் இறங்கிய டகோட்டா ரக விமானத்தின் பெயர் அந்த வட்டாரத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்துச் சாலைக்கு இன்றைக்கும் ஓல்ட் ஏர்போர்ட் ரோடு என்றே பெயர். அந்தச் சாலையில் உள்ள உணவங்காடி நிலையம் சாப்பாட்டுப் பிரியர்களுக்குத் திருத்தலம். அரங்கின் உள்ளே விற்பதை யானை விலை கொடுத்து வாங்கி, முழங்காலில் வைத்துச் சாப்பிடுவதற்குப் பதில், மின்விசிறிக்கு அடியில் மேசை பிடித்து உட்கார்ந்தோம். மேசை பிடிப்பது என்றால் கைக்குட்டைக் காகிதப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போவது. யாரும் எடுக்க மாட்டார்கள். "திருச்சியில் இப்படி வைத்தால் காகிதமும் போகும், மேசையும் போகும்" என்றாள். குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சாத்தே ஒரு தட்டு, பழமும் காயும் இறால் விழுதில் புரட்டிய ரோஜாக் ஒரு தட்டு, இரண்டு கரும்புச் சாறு. ரோஜாக்கை அவள் முகம் சுளித்தபடியே முழுவதும் தின்று தீர்த்தாள்.

அங்கிருந்து அரங்குக்கு நடந்தே போனோம். வடகிழக்குப் பருவமழை முழுதாக விடைபெறாத மாதம் என்பதால் குடை எடுத்திருந்தோம், மழை வரவில்லை. மவுண்ட்பேட்டன் சாலையைத் தாண்டியதும் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே மாதிரிச் சட்டை போட்ட பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். வழி கேட்கவே தேவை இல்லை.

கச்சேரியைப் பற்றி நான் எழுதுவது பொருத்தமாக இருக்காது. பாட்டுக்கு ஏற்ப ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் பட்டை ஒன்று நிறம் மாறி ஒளிர்ந்தது. அரங்கம் முழுவதும் சிவந்து, பிறகு ஒரேயடியாக நீலமானபோது எனக்கும் சிலிர்த்தது என்பதை மறைக்க மாட்டேன். அக்கா மகள் அழுதாள், கத்தினாள், என் தோளைப் பிடித்துக் குதித்தாள். இது போதும்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் சிலர் ரயிலை நினைத்து எழுந்து போனார்கள். பணம் கொடுத்து வாங்கிய முடிவைப் படிக்கட்டில் நின்று கேட்கிற இந்தச் சிக்கனம் எனக்குப் புரிவதே இல்லை. முடிந்தது பத்தரை மணி வாக்கில். கைப்பட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எந்த ஊர்க்காரர்கள் எத்தனை சதவீதம் திருப்பினார்கள் என்று திரையில் போட்டு ரோஷத்தைக் கிளப்பியிருந்தார்கள். அதனால் வாசல்தோறும் பெட்டிகளுக்கு முன்னால் ஒரு தேக்கம். அதைத் தாண்டி வெளியே வந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தலைகள். எல்லாத் தலைகளும் ஸ்டேடியம் நிலையத்தைப் பார்த்து நகர்ந்தன.

நிலைய வாசலில் கயிறு கட்டி வரிசையை மடித்து மடித்து விட்டிருந்தார்கள். ஒளிரும் கோலோடு நின்றவர்கள் ஒரு தொகுதியை உள்ளே விட்டு, அடுத்ததை நிறுத்தினார்கள். பலர் முணுமுணுத்தார்கள். என்னைக் கேட்டால், அவர்கள் செய்வதுதான் சரி. காற்றோட்டமான திடலில் இருபது நிமிடம் நிற்பது சலிப்பு மட்டும்தான். கீழே நடைமேடையிலும் நகரும் படிக்கட்டிலும் கூட்டம் முட்டி நின்றால் அது ஆபத்து. மூன்று பெட்டி வண்டி ஒவ்வொரு தடவையும் எத்தனை பேரை விழுங்குமோ அத்தனை பேரைத்தான் உள்ளே விட முடியும்.

"வலது பக்கம் திரும்பு" என்றேன்.

"மாமா, நிலையம் இதோ இருக்கிறது. தொலைபேசியும் இதைத்தானே காட்டுகிறது?"

"வைகுண்ட ஏகாதசி முடிந்து ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரத்துக்கு நேரே போய் பஸ் ஏறுவாயா?"

ஒரு கணம் யோசித்தாள். "மாட்டேன். உத்தர வீதியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய்விடுவோம்."

"அதுதான் இங்கேயும்."

நிக்கல் நெடுஞ்சாலையைக் கடந்து வடக்கே நடந்தோம். எங்களைப் போல நடந்தவர்களும் நிறையப் பேர்தான். ஆனால் அந்தக் கூட்டம் நகர்ந்துகொண்டே இருந்தது, அதுதான் வேறுபாடு. நின்றால் களைப்பு தெரியும், நடந்தால் பேச்சு வரும். வழியில் பழைய விமான நிலையத்தின் கட்டடத்தை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். கண்ணாடி வைத்த வட்டமான கட்டுப்பாட்டுக் கோபுரம் அதன் உச்சியில். பகலில் வந்தால் நின்று பார்க்க வேண்டிய கட்டடம். அவள் தொண்டை கட்டிப்போன குரலில் பாடிக்கொண்டே அதைத் தாண்டிவிட்டாள். சாலையோரத்தில் தொலைபேசியில் டாக்சி தேடி நின்றவர்கள், விலை இறங்குமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு தாண்டினால் மீட்டர் கட்டணத்தின்மேல் பாதி கூடுதலாக வேறு ஏறும்.

காலாங் தரைக்கு மேலே தூண்களில் நிற்கும் நிலையம். அங்கும் வரிசை இருந்தது, ஆனால் அட்டையைத் தட்டி நடைமேடைக்கு ஏற எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த நேரத்தில் கிழக்கிலிருந்து நகரத்துக்குள் வருகிற ரயிலில் ஆள் குறைவு. ஆறு பெட்டியும் கிட்டத்தட்டக் காலியாக வந்து நின்று, எங்களை அள்ளிக்கொண்டு போனது. லவண்டர், பூகிஸ், சிட்டி ஹால். சிட்டி ஹாலில் இன்னொரு சௌகரியம் உண்டு: கிழக்கிலிருந்து வந்து இறங்கினால், அதே நடைமேடையின் எதிர்ப்பக்கத்தில் வடக்கே போகும் ரயில். படி ஏறி இறங்கும் வேலை இல்லை. யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த ரயிலில் எங்களுக்கு எதிரே மலேசிய எல்லை நகரமான ஜோகூர் பாருவிலிருந்து வந்த இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டுவிட்டு அந்தப் பையன் என் பக்கம் குனிந்தான்.

"அண்ணே, உட்லண்ட்ஸிலிருந்து அந்தப் பக்கம் போகக் கடைசி பஸ் போயிருக்குமா?"

முந்தைய நவம்பரில் இதே குழு கோலாலம்பூரில் ஒரே ஓர் இரவு பாடியபோது அவர்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லையாம். அதனால் கடற்பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார்கள். மனைவி கடப்பிதழ் இரண்டையும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். பஸ் நிலையத்தில் போய்க் காத்திருக்க வேண்டாம், உட்லண்ட்ஸில் இறங்கியதும் டாக்சியில் நேரே சோதனைச்சாவடிக்குப் போய்விடுங்கள், குடிநுழைவு முடித்த பிறகு எந்த பஸ் வந்தாலும் ஏறிக்கொள்ளலாம் என்றேன். அவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். அக்கா மகள் அதற்குள் அந்தப் பெண்ணோடு காணொளிகளைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஈசூனில் இறங்கியபோது எங்கள் வீட்டுப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இருந்தும் நடந்தே வீடு சேர்ந்தோம்.

அதே ஆண்டு ஜூன் 23ஆம் தேதி தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் தஞ்சோங் ரூ நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். அரங்கின் தென்புறத்தில் நீருக்கு மேல் போகும் நடைபாலத்தைக் கடந்தால் அந்த நிலையத்துக்குப் போய்விடலாம். நான்கு பெட்டி ரயில். மூன்றைவிடப் பரவாயில்லை, ஆறுக்கு இணையாகாது. ஈசூன், அங் மோ கியோ பக்கத்துக்காரர்களுக்கு இன்றும் என் பதில் காலாங்தான். ஆனால் அந்தப் பாதை ஆர்ச்சர்ட் வழியாக நேரே உட்லண்ட்ஸ் வரை போகிறது. ஜோகூரிலிருந்து வருகிறவர்கள் தஞ்சோங் ரூவில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நடுவில் எங்கும் மாற வேண்டியதில்லை. சட்டைப் பையில் கடப்பிதழோடு கச்சேரிக்கு வருகிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.