சிலேட்டு மலையில் ஒரு குட்டி ரயில்

மைனிக்கு அந்தக் கல் பிடிக்கவில்லை. "இதத் தூக்கிட்டு வரதுக்கா பிளேன் ஏறிப் போன?" என்றார். தக்கலை வீட்டு வராந்தாவில் டீ கிளாசுக்கு அடியில் கிடக்கிறது அது. உள்ளங்கை அகலம், கருநீலம், ஓரமெல்லாம் பொரிந்திருக்கும். ஒன்றாம் வகுப்பு டீச்சராகவே ரிட்டயர் ஆனவள் நான். சிலேட்டுத் துண்டைக் கடையில் பார்த்துவிட்டுச் சும்மா வர முடியுமா?

மகள் மான்செஸ்டரில் நர்ஸ். போன ஜூனில் அவளுக்கு லீவு கிடைத்த ஒரு நாள், வேல்ஸில் லான்பெரிஸ் என்ற ஊருக்குக் காரில் கூட்டிப்போனாள். அங்கே பாடர்ன் ஏரிக்கரையோரமாக ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. போக நாலு கிலோமீட்டர், வர நாலு. மொத்தம் ஒரு மணி நேரம்.

குட்டி என்றால் அப்படியொரு குட்டி. நம்ம இரணியல் ஸ்டேஷனில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1676 மில்லிமீட்டர். அங்கே 597தான், ஒன்றரை முழம்கூட இல்லை. எங்களை இழுத்த எஞ்சினுக்கு எலிடிர் என்று பெயர். 1889இல் லீட்ஸில் ஹன்ஸ்லெட் கம்பெனி செய்தது. தக்கலைப் பக்கம் ரயில் வந்ததே 1979இல். ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன், அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து போய் இரணியலில் பார்த்தேன். அன்றைக்கே எலிடிருக்குத் தொண்ணூறு வயது!

கிளம்பும் முன் டிரைவர் நீள மூக்கு எண்ணெய்க் குப்பியோடு எஞ்சினைச் சுற்றி வந்தார். கம்பியும் கம்பியும் சேரும் இடத்திலெல்லாம் ரெண்டு சொட்டு, பிறகு துணியால் ஒரு துடைப்பு. அம்மா தையல் மிஷினுக்கு எண்ணெய் போடுகிற மாதிரியே இருந்தது. அப்புறம் ஒரு கூவல். மகள் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஜன்னலில் தலையை நீட்டி, கண்ணில் கரித்தூள் விழுந்து, பாதி ஏரியை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன்.

கரையை ஒட்டிய மலையைப் படிப்படியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். டினோர்விக் சிலேட்டுக் குவாரி. 1787இல் தொடங்கியது, 1969இல் மூடிவிட்டார்கள். எலிடிர் அந்தக் குவாரிக்குள் கல் இழுத்த எஞ்சின்தான். ஏரிக்கரையில் அப்போது இருந்தது வேறு பாதை, இதைவிட அகலம், சிலேட்டைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. அதைப் பெயர்த்த தடத்தில்தான் இந்தச் சின்னப் பாதையைப் போட்டு 1971இல் ரயில் விட்டார்கள். கூரைக்குப் போடும் சிலேட்டுக்கு அளவுக்குத் தகுந்தபடி டச்சஸ், கவுண்டஸ், லேடி என்று பெயராம். முதுகு ஒடிய வெட்டினவன் பெயர் எந்த அளவுக்கும் இல்லை. பாறை உடைக்கும் சத்தம் கேட்டே வளர்ந்தவள் நான். அந்த மலையைப் பார்த்ததும் வயிறு ஒருமாதிரி ஆகிவிட்டது.

பாதை முடிகிற பென்லினில் யாரும் இறங்க முடியாது. எஞ்சினைக் கழற்றி மறுபக்கம் மாட்டுவதோடு சரி. திரும்பும்போது கெய் லிடான் என்ற இடத்தில் இறங்கி, ஏரியைப் பார்த்தபடி நான் வெல்லப்பாகில் கிளறி விளையிச்ச அவலைச் சாப்பிட்டோம். வெயில் அடித்தும் கை விறைத்தது.

கல் வாங்கியது ஸ்டேஷன் கடையில். நம்மூரில் சிலேட்டு என்றால் ஆந்திராவின் மார்க்காபூர்தான் பேர்போனது. இது அதைவிடக் கனம். நேற்று மைனியின் பேரன் வந்திருந்தான். அதில் சாக்பீஸால் எலிடிரை வரைந்து காட்டி, அழிக்கச் சொல்லிக் கிணற்றடி மசித்தண்டைப் பறித்துக் கொடுத்தேன். அவன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டான். மைனி டீ கிளாசை எஞ்சின் மேலேயே வைத்துவிட்டார்.